கிடப்பில் போடுவதும் ஒரு முடிவுதான்: டென்மார்க் கொன்சர்வேடிவ் கட்சியினருக்கு ஒரு திறந்த மடல்

டென்மார்க்கின் கொன்சர்வேடிவ் மக்கள் கட்சித் தலைமைக்கும், அதன் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், குறிப்பாக இளைஞர் அணியில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கட்சியின் சார்பில் 1953 முதல் 1994 வரை, 41 ஆண்டுகள் பாராளுமன்றத்தில் இருந்தவரும், நீதியமைச்சராக இருந்தபோது மனைவி பிள்ளைகளை அழைக்கத் தமிழ் அகதிகள் கொடுத்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னவருமான எரிக் நின்-ஹன்சனைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் 2014 செப்டம்பரில், 92 வயதில் காலமானார். இறந்தவரைத் திரும்பவும் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் மீதான தீர்ப்பு 1995இலேயே வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு உண்மையில் எதைக் குற்றம் என்றது என்பதை உங்கள் கட்சிக்குள் இன்று வளர்ந்துவரும் இளையவர்கள் எவ்வளவு தூரம் அறிவார்கள் என்பதுதான் என் கவலை. அவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

நான் டென்மார்க்கில் வாழும் ஈழத்தமிழர்களில் ஒருத்தி. ஹேர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ, கிரின்ஸ்டெட், ஓர்ஹூஸ் என்று யூலாண்ட் நகரங்களில் எங்கள் ஆட்கள் பரவி இருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நின்-ஹன்சன் என்ற பெயரைச் சொன்னால் உடனே புரியும். இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது யாரென்று தெரியாது. ஆகவே இந்த மடல் உங்களுக்கு எழுதப்பட்டாலும், எங்கள் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் எழுதுகிறேன்.

அவருடைய அரசியல் வாழ்வு சாதாரணமானது அல்ல. 1922இல் பிறந்தவர். சட்டம் படித்து வழக்கறிஞரானவர். 1940களின் கடைசியில் உங்கள் இளைஞர் அணிக்குத் தலைமை தாங்கியவர். 31 வயதில் பாராளுமன்றத்துக்குள் வந்தார். 1968இல் ஹில்மர் பவுன்ஸ்கோர் அமைத்த கூட்டணி அரசில் பாதுகாப்பு அமைச்சர். 1971இல் சில மாதங்கள் நிதி அமைச்சர். அப்புறம் 1982 செப்டம்பரில், போல் ஸ்லூட்டர் பிரதமரானபோது அவர் நீதியமைச்சரானார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு டென்மார்க்குக்குக் கிடைத்த முதல் கொன்சர்வேடிவ் பிரதமர் ஸ்லூட்டர். அந்த அரசில் ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீதியமைச்சைக் கையில் வைத்திருந்தவர் நின்-ஹன்சன். உங்கள் கட்சிக்கு அவர் எவ்வளவு பெரிய தூணாக இருந்திருப்பார் என்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது.

அவர் பாராளுமன்றத்துக்குள் நுழைந்த ஆண்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே 1953 ஜூனில்தான் டென்மார்க்கின் இன்றைய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அரச நிர்வாகம் மக்களுக்கு இழைக்கும் தவறுகளை விசாரிக்க ஒம்புட்ஸ்மன் என்ற பதவிக்கு இடம் செய்தது அந்த அரசியலமைப்புத்தான். அமைச்சர்கள் தங்கள் கடமையை மீறினால் அவர்களை என்ன செய்யலாம் என்று சொல்லும் அமைச்சர் பொறுப்புச் சட்டம் 1964இல் வந்தது. அப்போதும் அவர் பாராளுமன்றத்தில் இருந்தார். பிற்காலத்தில் அவரைக் கேள்வி கேட்ட ஒம்புட்ஸ்மன் பதவியும், அவரைத் தண்டித்த சட்டமும், அவர் கண்முன்னே வளர்ந்தவை. சட்டம் தெரியாமல் தவறிவிட்டார் என்று இவருக்காக யாரும் வாதாட முடியாது.

1983க்கு வருகிறேன். அந்த ஆண்டு டென்மார்க் புதிய வெளிநாட்டவர் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நீதியமைச்சு விரும்பியதைவிடத் தாராளமான சட்டம் அது. பாராளுமன்றப் பெரும்பான்மை அப்படித்தான் வேண்டும் என்று முடிவெடுத்தது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவர் தன் மனைவியையோ கணவரையோ, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையோ அழைத்துக்கொள்வது அதில் சட்டப்படியான உரிமை ஆனது. அமைச்சர் பார்த்துச் செய்யும் தயவு என்ற நிலை போய்விட்டது. சட்டம் ஒக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கொழும்பில் கறுப்பு ஜூலை. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, வெலிக்கடைச் சிறையில் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று சந்திக்கப்போகின்றன என்று கோபன்ஹேகனில் அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை விற்று, ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டி, பலர் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள்தான் முதலில் வந்தார்கள். ஊரில் இளம் ஆண் என்றாலே ஆமி பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. தான் முதலில் போய்ச் சேர்ந்து, பிறகு மனைவி பிள்ளைகளை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுவது என்பதே ஒவ்வொரு குடும்பத்தின் திட்டமாக இருந்தது. வதிவிட அனுமதி கிடைத்தவர்கள் முறைப்படி குடும்ப இணைவுக்கு விண்ணப்பித்தார்கள். சட்டம் சொன்னதை நம்பினார்கள்.

1987 செப்டம்பரில் நின்-ஹன்சன் தன் அதிகாரிகளிடம், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை எடுக்க வேண்டாம், கிடப்பில் போடுங்கள் என்றார். அந்த ஆண்டு ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். இனி அங்கே அமைதி வந்துவிடும், இங்கே இருப்பவர்களே திரும்பிப் போகலாம், அப்படி இருக்க அவர்கள் குடும்பத்தை எதற்கு இங்கே எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். சரி, ஒப்பந்தம் கையெழுத்தான சில வாரங்களுக்கு அப்படி நம்ப ஒருவருக்கு இடமிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒக்டோபரில் இந்தியன் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை வெடித்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் செல் விழாத இடமில்லை. ஒக்டோபர் 21ஆம் தேதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே புகுந்து சுட்டார்கள். டொக்டர்கள், தாதிமார், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று பலர் செத்தார்கள். அமைச்சரின் வாதத்துக்கு இருந்த ஒரே காரணம் ஒரு மாதத்திலேயே இல்லாமல் போய்விட்டது. உத்தரவு மட்டும் மாறவில்லை. 1989 தொடக்கத்தில் அவர் அந்த அமைச்சை விட்டுப் போகும்வரை, நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் அப்படியே கிடந்தன.

நான் இந்த மடலை எழுதுவதற்கு முதல் காரணமே அந்தக் கிடப்புத்தான். உங்கள் இளைஞர் அணியினர் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தால் ஒரு கடிதம் வரும். அதில் காரணம் இருக்கும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போகலாம், மேன்முறையீடு செய்யலாம், பத்திரிகைக்காரரிடம் காட்டலாம். கிடப்பில் போட்டால் எதுவுமே வராது. கேட்டால் 'பரிசீலனையில் இருக்கிறது' என்பார்கள். விண்ணப்பித்தவர் தன்னிடம்தான் ஏதோ பிழை என்று நினைப்பார். பத்திரம் ஒன்று குறைகிறதோ, பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்புச் சரியில்லையோ என்று திரும்பத் திரும்பத் தேடுவார். ஊரில் இருக்கும் மனைவி, இவர் அங்கே வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டாரோ என்று நினைப்பாள். சுற்றி இருப்பவர்கள் அதை அவள் காது கேட்கவே சொல்வார்கள். கொழும்பு லொட்ஜில் பிள்ளைகளோடு வந்து காத்திருப்பவளுக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று தெரிந்தால் அதற்கேற்றபடி ஏதாவது செய்யலாம். தெரியாது. அமைச்சர் சட்டத்தை நேராக மறுத்திருந்தால் அந்தக் குடும்பங்களுக்குப் போராடவாவது ஒரு தாள் கையில் இருந்திருக்கும். சட்டம் படித்த மனிதர் அந்தத் தாளைக்கூட அவர்களுக்குக் கிடைக்காமல் செய்தார் என்பதுதான் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியாதது.

இன்னொரு வழி அவருக்கு இருந்தது. சட்டம் பிடிக்கவில்லை என்றால் திருத்த மசோதாவோடு பாராளுமன்றத்துக்குப் போயிருக்கலாம். அது அமைச்சரின் உரிமை. ஆனால் அன்றைய நான்கு கட்சிக் கூட்டணி சிறுபான்மை அரசு. அகதிகளின் குடும்ப உரிமையை வெட்டும் ஒரு மசோதா அந்தச் சபையில் இலகுவில் தேறியிருக்காது. சபையில் வெல்வது கடினமான ஒன்றை அவர் மேசை லாச்சிக்குள் சத்தமில்லாமல் நிறைவேற்றிக்கொண்டார். சட்டமும் ஒழுங்கும் என்று பேசிவந்த கட்சி உங்களுடையது. அந்தக் கட்சியின் நீதியமைச்சர், பாராளுமன்றம் எழுதிய சட்டத்தைப் பாராளுமன்றத்துக்குத் தெரியாமல் நிறுத்தி வைத்தார். இதைத் தமிழர் விரோதம் என்று மட்டும் நாங்கள் சொன்னால் நீங்கள் மறுக்கலாம். உங்கள் சொந்தக் கொள்கைக்கே செய்த துரோகம் என்று சொன்னால் மறுப்பது கடினம் என்று நினைக்கிறேன்.

மற்றதெல்லாம் உங்கள் நாட்டு வரலாற்றில் இருக்கிறது. 1989 ஜனவரியில் அமைச்சரவை மாற்றம் நடந்தது. நின்-ஹன்சன் பாராளுமன்ற சபாநாயகர் ஆனார். புதிய நீதியமைச்சர் ஹன்ஸ் பீட்டர் கிளவ்சனும் உங்கள் கட்சிக்காரர்தான். அவர் காலத்தில் விண்ணப்பங்கள் திரும்ப எடுக்கப்பட்டன. இதை நான் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த மார்ச் மாதம் ஒம்புட்ஸ்மன் ஹன்ஸ் கம்மெல்டொஃப்ட்-ஹன்சன், விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது சட்டத்துக்கு முரணானது என்று அறிக்கை கொடுத்தார். ஏப்ரல் 25ஆம் தேதி பிரதமர் ஸ்லூட்டர் சபையில் எழுந்து, கம்பளத்துக்குக் கீழே எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை, அதாவது எதையும் மறைக்கவில்லை, என்றார். ஒக்டோபரில் நின்-ஹன்சன் சபாநாயகர் பதவியை விட்டார். அந்த ஆசனத்திலும் அவருக்குப் பின் வந்தவர் கிளவ்சனே. 1990இல் உச்ச நீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை தொடங்கியது. 1993 ஜனவரி 14ஆம் தேதி அதன் அறிக்கை வெளிவந்தது. பாராளுமன்றத்துக்கு உண்மை முழுமையாகச் சொல்லப்படவில்லை என்பது அதில் வெளிச்சமானது. ஸ்லூட்டர் பதவி விலகினார். பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்த கொன்சர்வேடிவ் தலைமை அத்தோடு முடிந்து, சமூக ஜனநாயகக் கட்சியின் போல் நூரூப் ராஸ்முசன் பிரதமரானார்.

அமைச்சர்களை விசாரிக்கும் ரிக்ஸ்ரெட் என்ற சிறப்பு நீதிமன்றம் 1910க்குப் பிறகு முதல் தடவையாகக் கூட்டப்பட்டது. 1995 ஜூன் 22ஆம் தேதி, அமைச்சர் பொறுப்புச் சட்டத்தை மீறினார் என்று தீர்ப்பளித்து, நின்-ஹன்சனுக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை ஒத்திவைக்கப்பட்டது, சிறைக்குப் போகவில்லை. அப்போது அவருக்கு 73 வயது, உடல்நலமும் கெட்டிருந்தது. அவரைச் சிறையில் பார்க்கவில்லையே என்று எனக்கு எந்தக் குறையும் இல்லை. தன் விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று அவர் ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 1999இல் அந்த முறைப்பாட்டை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தான் தவறு செய்யவில்லை என்ற நிலையிலிருந்து அவர் கடைசிவரை இறங்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 'நாங்கள் ஒரு அரசாங்கத்தையே கவிழ்த்த ஆட்கள்' என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெருமை எங்களுக்கு உரியது அல்ல. 1987இல் இங்கே இருந்த தமிழ் அகதிகளிடம் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையும் இல்லை, மொழியும் இல்லை, செல்வாக்கும் இல்லை. விண்ணப்பம் ஏன் நகரவில்லை என்று கேட்கும் தைரியம் சிலருக்கு இருந்தது, அது பெரிய விஷயம். அவர்களுக்காகக் கேள்வி எழுப்பிய டெனிஷ் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், விடாமல் எழுதிய பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், தன் கடமையைச் செய்த ஒம்புட்ஸ்மன் இருந்தார். ஒரு பிரதமர் விழுந்தது எங்கள் பலத்தால் இல்லை. சபைக்கு உண்மை சொல்ல வேண்டும் என்ற விதியை அந்த நாடு கையாலாகாத அகதிகள் சம்பந்தப்பட்ட விஷயத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதால்தான். எத்தனை நாடுகளில் இது நடக்கும்? நாங்கள் விட்டு வந்த நாட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கோப்பை மறைத்ததற்காக எந்த அமைச்சரும் நீதிமன்றம் ஏறியதில்லை. டென்மார்க்கை நான் நேசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பிலிருந்து உங்கள் அரசியல் வர்க்கம் கற்றுக்கொண்டது எது என்று பார்க்கும்போது மனம் சஞ்சலப்படுகிறது. காத்திருக்க வைப்பது தவறு என்ற பாடத்தை விட்டுவிட்டு, சட்டத்தில் எழுதிவைத்துக் காத்திருக்க வைக்கலாம் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டார்களோ என்று தோன்றுகிறது. தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதிகள் குடும்பத்தை அழைக்க ஓர் ஆண்டு பொறுக்க வேண்டும் என்று 2015இல் சட்டம் வந்தது. 2016இல் அது மூன்று ஆண்டானது. அப்போது பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் சிரியாக்காரர். இதில் ஒளிவுமறைவு இல்லை, சபையில் விவாதித்து நிறைவேற்றினார்கள், அந்த வகையில் நின்-ஹன்சன் செய்ததுபோல் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. அந்த வித்தியாசத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அலெப்போவில் இருந்த மனைவிக்கு மூன்று ஆண்டு என்பது மூன்று ஆண்டுதான். சிரியாக்காரர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2021 ஜூலையில், ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே பார்க்காமல் எல்லோரையும் மூன்று ஆண்டு காக்க வைப்பது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுவது என்று சொன்னது. அதன் பிறகே டென்மார்க் அதை இரண்டு ஆண்டாகக் குறைத்தது.

அதே 2021 டிசம்பரில் ரிக்ஸ்ரெட் இன்னொரு தீர்ப்பும் கொடுத்தது. அப்போது உங்கள் கூட்டாளிக் கட்சியாக இருந்த வென்ஸ்ட்ரவின் முன்னாள் குடிவரவு அமைச்சர் இங்கர் ஸ்டோய்பேர்குக்கு 60 நாள் சிறை. 2016இல், 18 வயதுக்குக் குறைந்த துணையோடு வந்த புகலிடக் கோரிக்கையாளர் தம்பதிகளை, எந்த விதிவிலக்கும் இல்லாமல் பிரிக்கச் சொன்னார் என்பது குற்றம். சின்ன வயதுப் பெண்களைக் கட்டாயத் திருமணத்திலிருந்து காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னபோது விசாரிக்காமல் பிரித்தார்கள். 26 நீதிபதிகளில் 25 பேர் அதைக் குற்றம் என்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துப் பார்த்தால், டென்மார்க்கில் அமைச்சர்கள் மீது நடந்த ரிக்ஸ்ரெட் வழக்குகள் இந்த இரண்டும்தான். இரண்டிலும் உடைபட்டவை அகதிக் குடும்பங்கள். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. வாக்கு இல்லாதவர்களின் சட்டத்தை வளைப்பது அமைச்சர்களுக்கு இலகுவாகத் தெரிகிறது. தட்டிக் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரர்கூட வரமாட்டார் என்று நினைக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை.

உங்கள் இளைஞர் அணியின் வகுப்புகளில் நின்-ஹன்சனைப் பற்றிப் பேசும்போது, 41 ஆண்டு நல்ல வாழ்வு, கடைசியில் ஒரு துரதிர்ஷ்டம் என்று பேசி முடிக்க வேண்டாம். அந்த வாழ்வு முழுவதையும் 1987 செப்டம்பரோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அவ்வளவு சட்ட அறிவும் அனுபவமும் உள்ள ஒருவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார், அமைச்சுக்குள் இருந்த அதிகாரிகள் ஏன் உறுதியாக 'முடியாது' என்று சொல்லவில்லை, சபை உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு எப்படி அரைகுறைப் பதில்கள் போயின என்பதையெல்லாம் அவர்கள் அறிய வேண்டும். நாளைக்கு அமைச்சராகப் போகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அந்த வகுப்புக்கு, அந்த ஆண்டுகளில் காத்திருந்த ஒரு அப்பாவையோ அம்மாவையோ கூப்பிடுங்கள். அவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு உங்கள் ஊர்களில்தான் இருக்கிறார்கள், நல்ல டெனிஷில் பேசுவார்கள். மொழி சிரமம் என்றால் பிள்ளைகள் கூட வருவார்கள்.

பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இன்னும் ஒன்று. சபை விதிகளின் 20ஆம் பிரிவின்படி, எந்த அமைச்சரிடமும் கேள்வி கேட்டுப் பதில் பெறும் உரிமை உங்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. குடும்ப இணைவுக்கு விண்ணப்பித்து இன்னும் பதில் கிடைக்காதவர்கள் எத்தனை பேர், எந்த எந்த நாட்டவர், மிகப் பழைய விண்ணப்பம் எந்தத் தேதியில் வந்தது, அது நகராமல் இருப்பதற்குச் சட்டத்தின் எந்தப் பிரிவு காரணம் என்று ஆண்டுக்கு ஒரு தடவை உங்கள் கட்சி கேட்கட்டும். யார் ஆட்சியில் இருந்தாலும் கேட்கட்டும். உங்கள் சொந்த அமைச்சராக இருந்தாலும் கேட்கட்டும். 1987 இறுதியில் உங்கள் பக்கத்து ஆசனங்களிலிருந்து ஒருவர் எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்டு, நேரான பதில் கிடைக்கும்வரை உட்காராமல் இருந்திருந்தால், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் முன்னதாகவே சேர்ந்திருக்கும். ஸ்லூட்டரும் இன்னும் சில காலம் பிரதமராக இருந்திருக்கலாம்.

அடுத்த பாராளுமன்றக் கூட்டத்தொடர் ஒக்டோபர் முதல் செவ்வாயில் தொடங்கும். முதல் கேள்வியை அந்த மாதத்திலேயே எதிர்பார்க்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
டென்மார்க்கில் வாழும் ஒரு தமிழ்ப் பெண்